பள்ளி வேன் கவிழ்ந்தது, நாற்பதாயிரத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள்: போடலாமா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு கடற்கரைக் கிராமம். ஒன்பது வயதுப் பையன் போன பள்ளி வேன் நான்கு மாதத்துக்கு முன் வளைவில் கவிழ்ந்து, தொடை எலும்பு முறிந்து, மதுரையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று சீட் வேனில் இருபத்திரண்டு பிள்ளைகள். வேன்காரர் நாற்பதாயிரம் தருகிறேன், முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். பள்ளிக்கூடமோ அது எங்கள் வண்டி இல்லை என்கிறது. வீட்டுக்காரர் சவுதியில். "பள்ளிக்கூடம் பொறுப்பா இல்லையா" என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உண்மையில் நீங்கள் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. இந்தப் பணத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்துவிடுமா, போடாமல் கேஸுக்குப் போனால் ஒரே ஊரில் முகம் பார்க்க முடியாமல் ஆகிவிடுமா என்பதுதான் அது.

நான் ராமநாதபுரம் கோர்ட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக விபத்து வழக்குகள் நடத்துகிறவன். முதல் ஆறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனி பக்கம் நின்றவன். அதனால் எதிர்ப்பக்கம் எந்தத் தாளைத் தேடும் என்பது ஓரளவு தெரியும். உங்கள் எஃப்.ஐ.ஆரையோ, பாலிசியையோ நான் பார்க்கவில்லை. அவற்றைப் பார்த்தபின் நான் சொல்வதில் சில மாறலாம். மாறாதது எது, மாறக்கூடியது எது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் முத்திரைத்தாள். நஷ்டஈடு கேட்கும் உரிமை உங்களுடையது அல்ல, பையனுடையது. அவனுக்காக நீங்கள் கார்டியனாக நிற்கிறீர்கள், அவ்வளவுதான். பதினெட்டு வயதாகாத ஒருவரின் வழக்கில் சமரசம் செய்யவேண்டுமென்றால் அது பிள்ளைக்கு நல்லதுதான் என்று கோர்ட் பார்த்து அனுமதி கொடுக்கவேண்டும். இது சிவில் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிற பழைய விதி. டீக்கடை பெஞ்சில் வைத்து எழுதின தாள், இருபது ரூபாய் முத்திரை ஆனாலும் நூறு ரூபாய் முத்திரை ஆனாலும், ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், பையனின் உரிமையை முடித்துவிடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் போட்டுவிட்டுப் பிறகு கேஸ் போடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் "டிரைவர் மீது தவறு இல்லை, மாடு குறுக்கே வந்ததால் ஏற்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். நீங்களே ஒப்புக்கொண்டதாக அந்த வரி நாளைக்குக் குறுக்கு விசாரணையில் வரும். உங்களிடம் விளக்கம் இருக்கும், ஆனால் கூண்டில் நின்று விளக்குவது நீங்கள்தான். ஆகவே ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமோ குற்றமோ இல்லை. ரசீது எழுதிக் கொடுங்கள். "மருத்துவச் செலவுக்காக இன்ன தேதியில் இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்பதோடு நிறுத்துங்கள். முழு நஷ்டஈடு, இனி வழக்கு இல்லை, தவறு இல்லை என்ற மூன்றும் அதில் இருக்கக்கூடாது.

நாற்பதாயிரம் என்பது என்ன தொகை என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 164ஆம் பிரிவின்படி, யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமலேயே, விபத்தில் இறந்தால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் 2.5 லட்சம். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம்தான். மாடு வந்ததா, டிரைவர் செல்போன் பேசினாரா என்ற கேள்விக்கே போகாமல் கிடைக்கவேண்டிய தொகை இது. ஒரு எச்சரிக்கை: அந்த வழியில் பணத்தை ஏற்றுக்கொண்டால், தவறை நிரூபித்துக் கூடுதலாகக் கேட்கும் 166ஆம் பிரிவு மனு அதோடு முடிந்துவிடும். உங்கள் பையனுக்கு எது லாபம் என்பது அவன் கால் எப்படிச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பிறகு விளக்குகிறேன்.

யார் பணம் கட்டுவது? டிரைவர் கவனக்குறைவு என்றால் அவரை வேலைக்கு வைத்த வண்டி உரிமையாளர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை இன்சூரன்ஸ் கம்பெனி சுமக்கும். தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியதே இதற்குத்தான். உரிமையாளர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பவர். உங்கள் வேன்காரர், "வண்டியை வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, பேர் மாத்தல" என்றால், பழைய ஆளும் வழக்கில் எதிர்மனுதாரர்தான். பெயர் மாற்றாதவரை பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் இது ரொம்ப சகஜம். மதுரையிலோ காரைக்குடியிலோ செகண்ட் ஹாண்டாக வண்டி வாங்கி, ஃபார்மில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே ஓட்டுவார்கள்.

ஊர்ப் பகையைப் பற்றி நீங்கள் எழுதாமல் எழுதியது புரிகிறது. வேன்காரர் உங்களுக்குத் தூரத்து உறவாகக்கூட இருக்கலாம். ஆனால் வண்டிக்கு எல்லாத் தாளும் சரியாக இருந்தால், வழக்கினால் அவர் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது. கட்டுவது கம்பெனி. இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால்தான் நாற்பதாயிரத்தைக் கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாம் என்று பதறுகிறார். பல வீடுகளில் வேன்காரரையே என் அறைக்குக் கூட்டிவரச் சொல்லி, இதை விளக்கி, பாலிசி நகலை அவர் கையாலேயே வாங்கியிருக்கிறேன். ஊர்க் கூட்டத்தில் பேசுகிற பெரியவர்களிடமும் இதையே சொல்லுங்கள். அவர்கள் எதிரிகள் அல்ல, சட்டம் தெரியாததால் சின்னத் தொகையில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் "எல்லாத் தாளும் சரி" என்று சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. பதின்மூன்று சீட்டில் இருபத்திரண்டு பேர். கம்பெனி வக்கீல் எழுந்ததும் முதலில் இதைத்தான் சொல்வார், நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். இதற்கு 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு கணக்குச் சொன்னது. இமாச்சலத்தில் நாற்பத்திரண்டு பேருக்கு இன்சூரன்ஸ் உள்ள பஸ்ஸில் தொண்ணூறு பேர் ஏறி விபத்து. கம்பெனி நாற்பத்திரண்டு பேருக்குத்தான் பொறுப்பு, ஆனால் அதிகமான தொகை வந்த நாற்பத்திரண்டு தீர்ப்புகளை எடுத்து அந்த மொத்தத்தைக் கட்டவேண்டும், அதை எல்லாருக்கும் விகிதப்படி பிரிக்கவேண்டும், மீதியை உரிமையாளரிடம் வாங்கவேண்டும் என்றது. பிறகு 2011இல் வந்த இன்னொரு தீர்ப்பில், கம்பெனி முதலில் எல்லாருக்கும் கட்டிவிட்டு, தன் பொறுப்புக்கு மேல் போனதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள். எந்த நீதிபதி எதைப் பிடித்துக்கொள்வார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பெரியவர்கள் மாதிரி தலைக்கு ஒன்று என்று எண்ணுவதா என்பதிலேயே வாதம் உண்டு. நீங்கள் பார்க்கவேண்டியது ஒன்று: எத்தனை பிள்ளைகளுக்குக் காயம், எத்தனை பேர் மனுப் போடுகிறார்கள்? பதின்மூன்றுக்குள் என்றால் கூட்டம் ஏற்றியது உங்கள் பையனின் தொகையைப் பாதிக்கக் காரணம் குறைவு. மற்றப் பெற்றோரிடம் பேசி எல்லாரும் ஒரே சமயத்தில் மனுப் போட்டால் ஒன்றாக விசாரிப்பார்கள், டிரைவர் தவறை ஒரே சாட்சியத்தில் நிரூபித்துவிடலாம்.

அடுத்தது வண்டியின் நம்பர் பிளேட். மஞ்சளா வெள்ளையா? மஞ்சள் என்றால் வாடகைக்கு ஓட்டப் பதிவானது, ஏறுகிற பிள்ளைகளுக்கும் சேர்த்து பிரீமியம் கட்டியிருப்பார்கள். வெள்ளை பிளேட் போட்ட ஓன் போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவானதை, பள்ளிக்கு ஓட்டியிருந்தால் கொஞ்சம் கவலைப்படவேண்டும். வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பேக்கேஜ் பாலிசி என்றால் உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. சட்டம் கட்டாயமாக்கிய தர்ட் பார்ட்டி அளவுக்கு மட்டும் எடுத்த ஆக்ட் பாலிசி என்றால் தனியார் வண்டியில் உள்ளே இருந்தவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று வாதம் வரும், அது பலமான வாதமும்கூட. லைசென்ஸ் சரியில்லை, பெர்மிட் இல்லை என்றெல்லாம் வந்தால் பெரும்பாலும் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கச் சொல்வார்கள். பிள்ளைக்குப் பணம் வந்துவிடும், வேன்காரருக்குத்தான் தலைவலி. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பஸ் தவறிவிட்டது என்று மீன் ஏற்றிப் போகிற குட்டியானையின் பின்னால் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறீர்களே, சரக்கு வண்டியில் ஏறினவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்பது 2002இலேயே உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விஷயம். வண்டிக்காரரிடம் சொத்து இருந்தால்தான் உண்டு.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். "எங்கள் வண்டி இல்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. வேன் கட்டணத்தை யார் வாங்கினார்கள்? பள்ளி ரசீதில் வாங்கியிருந்தால், வண்டியில் பள்ளியின் பெயர் இருந்தால், எந்த ஊருக்கு எத்தனை மணி என்பதைப் பள்ளி முடிவுசெய்திருந்தால், வண்டி யார் கட்டுப்பாட்டில் ஓடியது என்ற கேள்வி எழும், பள்ளியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். சேர்க்கவும் சொல்வேன். மாறாக, பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து நேரடியாக வேன்காரரிடம் மாதம் இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவந்திருந்தால், பள்ளியைப் பணம் கட்டவைப்பது கஷ்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வழக்குகள்தான் அதிகம், அங்கே தீர்ப்பு எப்படியும் போகலாம். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சின்னப் பெண் விழுந்து இறந்தாளே, அதற்குப் பிறகு தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், பள்ளி அளவில் ஒரு போக்குவரத்துக் குழு என்று நிறைய இருக்கிறது. வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் மைதானத்தில் வண்டிகளை நிறுத்தி அதிகாரிகள் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வேன் அந்தச் சோதனைக்குப் போனதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். போயிருந்தால் யாருடைய வண்டியாக நின்றது என்பதும் பதிலில் வரும்.

இனி தாள்கள். என் அனுபவத்தில் வழக்கு தோற்பது சட்டத்தால் அல்ல, முதல் நாள் ஆஸ்பத்திரியில் சொன்ன ஒரு வார்த்தையால். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் வண்டிக்காரரோ அவர் தம்பியோதான். டூட்டி டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டதும், போலீஸ் வந்துவிடுமே என்ற பயத்தில் "விளையாடும்போது விழுந்துட்டான்" என்று சொல்லிவிடுவார். அது ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், ஏறிவிடும். அப்புறம் கம்பெனி அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டே இது விபத்தே இல்லை என்று நிற்கும். முதலில் எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களோ அங்கே உடனே போய் ஏ.ஆர். காப்பி வாங்கிப் படியுங்கள். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், திருத்தின தாள் இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். அதே நாள் அதே நேரம் அங்கே சேர்த்த மற்றப் பிள்ளைகளின் பதிவு, மதுரை டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்.ஐ.ஆர்., மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாம் சேர்ந்து அந்த ஒரு வரியை மீறிவிடும். டிரைவர் மேல் கிரிமினல் வழக்கு என்ன ஆனாலும் கவலைப்படாதீர்கள். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவேண்டும், இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அவர் விடுதலையானாலும் இங்கே ஜெயிக்கலாம்.

தொகைக்கு வருகிறேன், எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். பிள்ளைக்குச் சம்பளம் இல்லை என்பதால் கணக்கு எப்போதும் குழப்பம். 2013இல் உச்ச நீதிமன்றம் பன்னிரண்டு வயதுப் பையன் வழக்கில் ஒரு அட்டவணை சொன்னது. முழு உடலுக்கு 10 சதவீதம் வரை ஊனம் என்றால் 1 லட்சம், 30 வரை 3 லட்சம், 60 வரை 4, 90 வரை 5, அதற்கு மேல் 6 லட்சம், மருத்துவச் செலவு முதலியவை தனி. அந்தப் பையனுக்கு 18 சதவீதம், மொத்தம் 3.75 லட்சம் கிடைத்தது. அதில் பெற்றோர் வேலைக்குப் போகமுடியாமல் இழந்த கூலியையும் சேர்த்தே கணக்கிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் கடல்பாசி எடுக்கும் வேலைக்குப் போகாமல் மதுரையில் உட்கார்ந்திருந்த நாட்களும் கணக்கில் வரவேண்டியவை. பிறகு 2020இல் ஒரு வழக்கு. மூளைக்காயத்தால் முழுதும் முடங்கிப்போன பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு, திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை வருமானமாக வைத்து, எதிர்காலத்துக்கு 40 சதவீதம் கூட்டி, 18ஆல் பெருக்கி, மற்றவை சேர்த்து 62.27 லட்சம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கே வேண்டும் என்று 2025இலும் சொல்லிவிட்டார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன தெரியுமா? பேச்சுக்கு மாதக் கூலி பத்தாயிரம் என்று வையுங்கள். 40 சதவீதம் கூட்டினால் பதினான்காயிரம், பன்னிரண்டு மாதம், பதினெட்டு பெருக்கல், அதில் 10 சதவீத ஊனம் என்றால் 3,02,400 ரூபாய். பழைய அட்டவணையில் அதே ஊனத்துக்கு 1 லட்சம்தான். பெரிய ஊனங்களில் புதிய கணக்கு நிலைத்துவிட்டது. உங்கள் பையனைப் போல மறுபடி எழுந்து நடக்க வாய்ப்புள்ளவர்களின் காயங்களில் இன்னும் சில நீதிபதிகள் அட்டவணையைத்தான் எடுக்கிறார்கள். மனுவிலேயே குறைந்தபட்சக் கூலி அரசாணையைச் சேர்த்துவிடச் சொல்லுங்கள். இன்னொன்று, டாக்டர் "காலுக்கு 30 சதவீதம்" என்று எழுதினால் அது முழு உடலுக்கு 30 அல்ல, அதைவிடக் குறைவாகத்தான் எடுப்பார்கள். வளர்கிற பிள்ளை என்பதால் எலும்பு வளரும் முனையில் அடிபட்டிருக்கிறதா, பின்னால் ஒரு கால் குட்டையாகுமா என்று எலும்பு மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றால் அதற்கும் மதிப்பீடு வாங்குங்கள். கால் குட்டையாகும் அறிகுறி இருந்தால் 2.5 லட்சத்தோடு நிற்காமல் 166இல் போகவேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் எதற்கும் நாள் குறைவு. 1994இலிருந்து விபத்து மனுவுக்குக் காலக்கெடுவே இல்லாமல் இருந்தது, அதனால் "எப்ப வேணாலும் போடலாம்" என்று இன்றும் இங்கே சொல்வார்கள். 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போடவேண்டும் என்று ஆகிவிட்டது. இந்தக் கெடு செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் சவாலில் இருக்கிறது, போலீஸ் அனுப்புகிற விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது. இவை தாமதமானவர்களுக்கு ஆறுதல். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, ஆறுதலைத் தேட வேண்டாம். ஊனச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், மனுப் போட்ட பிறகு வாங்கலாம். மனுவை நீங்கள் குடியிருக்கிற பகுதிக் கோர்ட்டிலேயே போடலாம். மதுரைக்கோ சென்னைக்கோ அலையத் தேவையில்லை.

வக்கீல் கூலியைப் பற்றி எங்கள் ஆட்களே என்னைத் திட்டினாலும் சொல்கிறேன். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவது வக்கீல்களுக்கான விதிப்படி கூடாது, ஆனாலும் நடக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிறவர்களிடம் ஜாக்கிரதை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நேரே போய்க் கேளுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகவும் முடிக்கலாம், சீக்கிரம் பணம் வரும். அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு தொகைக்குத் தலையாட்டுங்கள். தொகையில் பெரும்பகுதியைப் பையன் பேரில் பதினெட்டு வயது வரை வங்கியில் போடச் சொல்வார்கள். ஆபரேஷன், படிப்பு என்று தேவை வந்தால் மனுக் கொடுத்து இடையிலும் எடுக்கலாம்.

கடைசியாக, இதற்காக வீட்டுக்காரர் சவுதியிலிருந்து டிக்கெட் எடுத்து வரவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தாய் கார்டியனாக இருந்தாலே மனு எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஆதார், பையனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் வாங்கிய வேன் கட்டண ரசீது இருந்தால் அதுவும், இவற்றோடு வாருங்கள். அந்த முத்திரைத்தாளையும் ஒரு போட்டோ எடுத்துக் கொண்டுவாருங்கள், எழுதியிருப்பதைப் படித்துவிடலாம்.